யாழ்ப்பாணத்துக்கு வரலாம், யாழ்ப்பாணத்தில திரியேலுமா?

யாழ்ப்பாணத்துக்கு எப்பிடி வாறது எண்டு வெளியிடத்து நண்பர்கள் கேட்டால், இப்போதெல்லாம் எங்களிடம் நீளமான பதில் இருக்கிறது. கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்தேவி வருது, இரவுத் தபால் ரயில் வருது, நகர்சேர் கடுகதி வருது. 87ஆம் இலக்க பஸ்ஸில ஏறலாம். கொஞ்சம் கூடக் காசு குடுத்தால் இரவுச் சொகுசு பஸ்ஸில படுத்துக்கொண்டே வரலாம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் இறங்குது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் கூட வருது. சொல்லச் சொல்ல எங்களுக்கே ஒரு பெருமைதான்.

ஆனால் அவர்கள் அதோடு விடுவதில்லை. "சரி, வந்தாப் பிறகு அங்க எப்பிடிச் சுத்திப் பாக்கிறது?" எண்டு அடுத்த கேள்வி வரும். அதற்கு எங்களிடம் இருப்பது ஒரு வரிப் பதில்தான்: "ஆரிட்டயாவது ஒரு வாகனம் பிடிச்சுத் தாறம்."

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறோம். சுற்றுலாப் பயணிகள் மேல் வந்த பாசத்தால் அல்ல. வருகிற ஆளுக்கு நாங்கள் சொல்லும் அந்தப் பதில், இங்கேயே இருக்கிற, வாகனம் இல்லாத ஆக்களைப் பற்றியும் ஏதோ சொல்கிறது எண்டதால.

வழி திறந்த கதை

வந்து சேரும் வழிகளைப் பற்றி நாங்கள் இவ்வளவு பெருமைப்படுவதற்குக் காரணம் இருக்கு. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அதற்குப் பிறகு ஆனையிறவும் இல்லை, சங்குப்பிட்டியும் இல்லை எண்டு ஆன காலத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்த தலைமுறை எங்கட வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2002இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் திரும்பவும் மூடுப்பட்டது. எங்களில் பலர் யாழ்தேவியில் முதலில் ஏறியது அம்மம்மாமாரின் கதைகளில்தான்.

போர் முடிந்த பிறகு ஒவ்வொரு வழியாகத் திறந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் வந்ததும் மன்னார்ப் பக்கத்தால வாற பாதை சுருங்கியது. 2013 செப்ரெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் பளை. 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் திரும்பியது. 2023இல் தொடங்கிய வேகத்திலேயே நின்ற கப்பல், 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு திறப்பு விழா. மாலை, மேளம், ரிப்பன், மந்திரிமார், போட்டோ. அதில் பிழை இல்லை. பூட்டிக் கிடந்த ஊருக்கு வழி திறப்பது பெரிய விசயம்தான். ஆனால் குறிகட்டுவானிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டு ஒரு பலகையில எழுதி மாட்டுறதுக்கு ரிப்பன் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த மாதிரி வேலைகளுக்கு யாரும் அவசரப்படுவதில்லை.

வாகனம் இல்லாமல் ஒரு நாள்

சொந்த வாகனமோ வான் பிடிக்கக் காசோ இல்லாத ஒரு ஆள் யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் இறங்குகிறார் எண்டு வையுங்கோ. மட்டக்களப்புப் பிள்ளையாக இருக்கலாம், ஹற்றனிலிருந்து வந்த பல்கலைக்கழக மாணவியாக இருக்கலாம், மாத்தறையிலிருந்து வந்த சோடியாக இருக்கலாம், முதுகில் பையோடு வந்த வெள்ளைக்காரராக இருக்கலாம்.

முதல் அரை நாள் பிரச்சினை இல்லை. ஸ்ரேசனில இருந்து பஸ் நிலையம் நடக்கிற தூரம். அதிலிருந்து கோட்டையும் நூலகமும் பண்ணைக் கடற்கரையும் நடக்கிற தூரம். வெயில் தாழ்ந்தால் நல்லூருக்கும் நடக்கலாம்.

இரண்டாவது நாள்தான் சிக்கல் தொடங்கும். கீரிமலை, காரைநகர் கசூரினா, பருத்தித்துறை, மணற்காடு, வல்லிபுரம், கந்தரோடை, நிலாவரை, நயினாதீவு, நெடுந்தீவு என்று பட்டியல் நீளும். அநேகமான இடங்களுக்கு, இல்லாட்டி அவற்றுக்குக் கிட்டவாவது, பஸ் போகிறது எண்டதுதான் இதில் விசித்திரம். நெல்லியடியால பருத்தித்துறைக்கு 750. வேலணை, புங்குடுதீவால குறிகட்டுவானுக்கு 776. குடாநாட்டுக்குள் பஸ்ஸே தெரியாத ஊர் அதிகம் இல்லை. வலையமைப்பு இருக்கு. அதை அறிந்துகொள்ள வழி இல்லை.

அநேகமான தரிப்பிடங்களில் நேர அட்டவணை இல்லை. எந்த பஸ் எந்தப் பாதையால போகும் எண்டு எழுதியிருப்பதில்லை. கேட்டால் ஆக்கள் அன்பாகச் சொல்லுவினம், அது உண்மை. "இப்ப வரும் தம்பி" எண்டு சொல்லுவினம். அந்த "இப்ப" ஐந்து நிமிசமா, முக்கால் மணித்தியாலமா எண்டு சொல்லுறவருக்கும் தெரியாது. தூர சேவை பஸ் ஒரு இடத்தில, உள்ளூர் பஸ் இன்னொரு இடத்தில, தனியார் மினி பஸ் வேறொரு பக்கத்தில நிற்பதை முதல்தரம் வாற ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நெடுந்தீவை எடுங்கோ. 776இல் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, புங்குடுதீவுப் பாலம் தாண்டி, ஒண்டரை மணித்தியாலம் அளவில் பயணம் செய்து குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து நெடுந்தீவுக்குக் கடலில் ஒரு மணித்தியாலம் அளவில். நயினாதீவு என்றால் பரவாயில்லை, படகு அடிக்கடி போகும், இருபது நிமிசத்தில் சேரலாம். நெடுந்தீவுப் படகு அப்படி இல்லை. பஸ் பத்து நிமிசம் பிந்தினால் அண்டைய நாள் போச்சு. திரும்பும்போது படகு பிந்தினால் பஸ் போச்சு. ஒரே பயணத்தின் இரண்டு பாதிகள் இவை. ஆனால் ஒண்டை ஒண்டு தெரியாத மாதிரித்தான் இரண்டும் ஓடுகின்றன.

பின்னேரம் ஆறு, ஏழு மணிக்குப் பிறகு கதை இன்னும் சுருக்கம். உள்ளூர் பஸ்கள் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். கசூரினாவில் பொழுதுபடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் கையில் ஓட்டோக் காசு இருக்க வேண்டும். பலாலியிலோ காங்கேசன்துறைத் துறைமுகத்திலோ இறங்கும் ஆளுக்கு நகரம் இன்னும் பதினைந்து, இருபது கிலோமீற்றர் தள்ளி இருக்கு. விமானமும் கப்பலும் வருகிற நேரத்தைப் பார்த்து வெளியில் ஒரு பஸ் நிற்கும் எண்டு நம்பி இறங்கலாமா? கடல் தாண்டுவதற்கு இருக்கும் ஒழுங்கு, கடைசி இருபது கிலோமீற்றருக்கு இல்லை.

விருந்தாளிக்கு இரண்டு நாள், எங்களுக்கு வருசம் முழுக்க

வந்த ஆள் இரண்டு நாள் கஷ்டப்பட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். ஆனால் அதே தரிப்பிடத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றது யார்?

நகரத்தில் புடவைக் கடையில் வேலை முடிந்து ஏழு மணிக்கு வெளியே வரும் அக்கா. ரியூசன் முடிந்து சங்கானைக்குப் போக நிற்கும் பிள்ளை. நெடுந்தீவிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு கிளினிக் வந்து, மருந்து எடுக்கப் பிந்தியதால் படகை விட்ட ஐயா. இவர்களுக்கு இது புதிய அனுபவம் இல்லை. "பழகிப் போச்சு" எண்ட ஒரு சொல்லில் எல்லாத்தையும் முடித்துக்கொள்வார்கள். நாங்கள் பழகிப் போனதை வெளியில் இருந்து வரும் ஆள் புதிதாகச் சந்திக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி பஸ் ஆறரைக்கு என்றால், அந்தக் கடையில் வேலைக்குப் போகலாமா இல்லையா எண்டதை அந்த பஸ்தான் முடிவு செய்கிறது. எந்த ரியூசன், எந்தப் பாடநெறி, மாலையில் நடக்கும் நாடகத்துக்கும் திரைப்படக் காட்சிக்கும் யார் வரலாம், யார் ஏழு மணிக்கே எழும்பிப் போக வேண்டும் எண்டதையும் அதுதான் முடிவு செய்கிறது. நாங்கள் நடத்தும் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது அநேகமாகப் பெண்பிள்ளைகள்தான். அவர்களுக்குப் பேச்சில் ஆர்வமில்லாமல் இல்லை.

பஸ்ஸை நம்ப முடியாததால் வீட்டுக்கு வீடு லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் வருகிறது. ஆக்கள் அதில் போகத் தொடங்கியதும் பஸ்ஸில் சனம் குறைகிறது. சனம் குறைந்ததும் "ஓடிக் கட்டாது" எண்டு ஒரு சேவையைக் குறைப்பார்கள். குறைத்ததும் இன்னும் நாலு பேர் லீசிங் எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது லீசிங்கும் எடுக்க முடியாத ஆக்கள். வயது போனவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாகனம் ஓட முடியாதவர்கள், கையில் காசில்லாதவர்கள்.

சொல்லப்படும் மறுப்புகள்

"வாறவை எல்லாரும் வான்லதானே வருவினம், அவைக்கு ஏன் பஸ்?" எண்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். வானில் வரக்கூடியவர்கள்தான் வருகிறார்கள் எண்டுதான் நாங்கள் அதைப் படிக்கிறோம். கொழும்பில் பிடித்த வான், நல்லூர், நூலகம், கோட்டை, நயினாதீவு என்று சுற்றிக் காட்டிவிட்டு இரண்டாம் நாள் இரவே திரும்பிவிடும். வானுக்குக் குடுத்த காசு கொழும்போடு நிற்கும். பருத்தித்துறையில் தட்டை வடை சுடுகிற அம்மாவுக்கும் காரைநகரில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவருக்கும் அதில் பங்கில்லை. பஸ்ஸில் போகிற ஆள் மெதுவாகத்தான் போவார், ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் இறங்குவார், தேத்தண்ணி குடிப்பார், வழி கேட்பார், ஒரு இரவு கூடத் தங்குவார்.

"பஸ் ஒழுங்காக ஓடினால் ஓட்டோக்காரரின் பிழைப்பு என்னாகும்?" எண்டதுதான் இரண்டாவது மறுப்பு. இதை நாங்கள் லேசாகத் தட்டிவிட மாட்டோம். தரிப்பிடத்தில் நிற்கும் அண்ணாமாருக்கும் செயலியில் ஓடுபவர்களுக்கும் இடையில் நடக்கும் இழுபறி எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கத்திலும் லீசிங் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் பஸ் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. சுன்னாகம் சந்தியில் பத்துப் பேரை இறக்கினால், அதில் நாலு பேருக்குக் கந்தரோடை வரை ஓட்டோ தேவை. நீளமான ஒரு ஹயருக்காக நாள் முழுக்கக் காத்து நிற்பதை விட, சின்னச் சின்ன ஓட்டம் பல கிடைப்பது மோசமில்லை. அதற்கு மீற்றர் வேண்டும். குறைந்தது, எந்த இடத்துக்கு எவ்வளவு எண்டு மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை வேண்டும். ஊராக்களுக்கு ஒரு விலை, கொழும்பாக்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுத் தமிழருக்கு ஒரு விலை எண்டு இருந்தால், கடைசியில் நேர்மையாக ஓடுகிற ஓட்டோக்காரரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, "காசுக்கு எங்க போறது?" நாங்கள் மெற்றோ ரயில் கேட்கவில்லை. கீழே சொல்பவற்றில் பாதிக்கு மேல் ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேசி முடிக்கக்கூடியவை.

நாங்கள் கேட்பது

நேர அட்டவணையை எழுதி மாட்டுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம். முதல் பஸ், கடைசி பஸ், இடையில் எத்தனை நிமிசத்துக்கு ஒன்று. குடாநாட்டின் பெரிய சந்திகளில் மட்டும் முதலில் செய்தாலே போதும். பலகை வந்துவிட்டால் இன்னொரு நன்மையும் இருக்கு. எழுதி வைத்த நேரத்துக்கு பஸ் வராவிட்டால் கேட்கலாம். எழுதாத நேரத்துக்கு யாரையும் கேட்க முடியாது.

அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே பாதையில் கலைச்சுக்கொண்டு ஓடுவதை நிறுத்துங்கள். இரண்டு பஸ் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்துபோய், பிறகு முக்கால் மணித்தியாலம் றோட்டு வெறுமையாகக் கிடப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இணைந்த நேர அட்டவணை என்ற சொல்லை வருசக் கணக்காகக் கேட்டு வருகிறோம். யார் எந்த நிலையத்தில் நிற்பது என்ற சண்டை முடியும் வரை பயணி வெயிலில் நிற்கக் கூடாது. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு பிரதான பாதைகளில் ஒவ்வொரு சேவையையாவது முறை வைத்து ஓடலாம். இன்றைக்கு நட்டம் என்றால் நாளைக்கு மற்றவர் ஓடட்டும்.

குறிகட்டுவானில் பஸ்ஸையும் படகையும் சேர்த்து நேரம் போடுங்கள். நெடுந்தீவுப் படகில் முதலிடம் தீவாக்களுக்கு. விடுமுறை நாட்களில் பார்க்க வரும் கூட்டத்தால் ஊருக்குப் போகிற ஆள் இறங்குதுறையில் நிற்கும் நிலை வந்தால், அந்தச் சுற்றுலாவால் யாருக்கு என்ன பயன்? எங்களுக்கு அது ஒரு நாள் உல்லாசம். அவர்களுக்கு அது வீட்டுக்குப் போகிற றோட்டு.

ரயிலை உள்ளூருக்கும் ஓட விடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பாதையைப் பாருங்கோ: கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். மற்றப் பக்கம் நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம். பல்கலைக்கழகம், சந்தைகள், ஆஸ்பத்திரி, துறைமுகம் எல்லாம் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான். தண்டவாளம் போட்டாச்சு, நிலையங்கள் கட்டியாச்சு. நாளுக்கு ஒரு சில ரயில் போய்வருவதைத் தவிர மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கிறது. இது புதிய யோசனையும் இல்லை. இந்தப் பாதையில் முதலில் ஓடியது கொழும்பு ரயில் அல்ல. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான் இங்கே ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்போடு தொடுப்பு வந்தது அதற்குப் பிறகு, 1905இல். நூற்றிருபது வருசத்துக்கு முதல் குடாநாட்டுக்குள் போய்வர ரயில் தேவை எண்டு யோசிச்சிருக்கினம். இரண்டு பெட்டியோடு காலையும் மாலையும் ஒரு சின்ன ரயில் போதும்.

கடைசியாக சைக்கிள். இந்த மண்ணுக்குப் பொருத்தமான வாகனம் எது எண்டு ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. மலையில்லை, மேடில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் யாழ்ப்பாணத்தை முழுசாகச் சுமந்தது சைக்கிள்தான். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்த பிறகு, கொட்டிலில் கிடந்த லுமாலாவைத் துடைத்து எடுத்ததும் நாங்கள்தான். எரிபொருள் வந்ததும் திரும்பக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டோம். ரயில் நிலையத்தில் வாடகைச் சைக்கிள், பண்ணைப் பாலத்தில் சைக்கிளுக்கு ஒரு ஓரம், கோயில்களிலும் சந்தைகளிலும் பாதுகாப்பாக விடும் இடம். இவ்வளவு இருந்தால் வருகிறவர்கள் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தாங்களாகவே திரிவார்கள். அந்த ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பயமில்லாமல் போவார்கள்.

அடுத்த முறை யாழ்ப்பாணத்துக்குப் புது விமானமோ புதுக் கப்பலோ வரும்போது நாங்களும் சந்தோசப்படுவோம். அதே நேரம், அதில் வந்து இறங்கும் ஆள் ஊருக்குள் எதில் போவார், அவரைக் கூட்டிப்போகும் பஸ்ஸில் எங்கட ஆக்களும் இரவு எத்தனை மணி வரைக்கும் போகலாம் எண்டும் கேட்கப் போகிறோம்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. உங்கட ஊர்த் தரிப்பிடத்தில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டு ஒரு கிழமை பார்த்து எங்களுக்கு எழுதுங்கோ. மாட்டவேண்டியவர்கள் மாட்டும் வரைக்கும், அந்தப் பலகையை நாங்களே எழுதத் தொடங்குவம்.